முப்பதாவது கல்

1993 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், அந்தப் பெட்டிகள் ஆழ்வார்பேட்டை பங்களாவில் டெம்போவிலிருந்து இறங்கின. அந்தப் பழைய பங்களாவில் இயங்கிய சிறிய அருங்காட்சியகத்துக்கு என் கணவர் ஜெயராம்தான் காப்பாளர். நான் அங்கே தட்டச்சு வேலை பார்த்தேன். ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும். ஆனால் பெட்டிகளின் மூடியைப் பெயர்த்ததும் கூடம் முழுக்கப் பாசி வாசனை பரவியது. மழைக்காலத்து ஆற்றின் வாசனை.

உள்ளே கூழாங்கற்கள். இருபத்தொன்பது.

நீலகிரிச் சரிவில் வாழும் ஒரு பழங்குடியினர், யாராவது இறந்தால் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, பலகைக்கல் மூடிய சிறு கல்வீட்டுக்குள் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு கல். எவனோ ஒரு வியாபாரி அந்த வீட்டைக் காலிசெய்து எங்களிடம் விற்றான். கேள்வி கேட்காமல் வாங்கினோம்.

பழங்குடி வரலாற்றைக் காட்சிக்கு வைக்க ஓர் அறக்கட்டளை நிதி தருவதாக இருந்தது. அது வராவிட்டால் அருங்காட்சியகத்தை மூட வேண்டியதுதான். விண்ணப்பத்தில் நான் 'முப்பது கற்கள்' என்று தட்டினேன்.

"நீரஜா, இருபத்தொம்போதுன்னா சொன்னேன்?"

"முப்பதுன்னா பார்க்க முழுசா இருக்கும். யார் உட்கார்ந்து எண்ணப்போறா?"

எண்ணுவதற்கு ஆள் இருந்தார். அறக்கட்டளை அதிகாரி சுப்பராமன் புதன்கிழமை தொலைபேசியில் அழைத்தார். "வெள்ளிக்கிழமை நானே வந்து எண்ணிப் பார்ப்பேன். பட்டியல்ல இருக்கறது கண்ணாடிக்குள்ள இருக்கணும். இல்லேன்னா நிதி கிடையாது."

மறுநாள் காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவள். பெயர் தங்கம் என்றாள்.

"இன்னாம்மா, ஒரு மணி நேரமா நின்னுகினே கீறே?" என்றான் காவலாளி தங்கவேல்.

"எம் பொண்ணு உள்ளார இருக்காளுங்க."

"உள்ள எந்தப் பொண்ணும் இல்ல. கல்லுதான் கீது."

"அதத்தானுங்க கேக்கறேன்."

தங்கவேல் சிரித்தான். நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதாமல் விட முடியாது.

அப்போது ஜெயராம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அடையாறில் நண்பர் வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுத்த ஒரு கூழாங்கல் கையில் இருந்தது. தங்கம் அதையே பார்த்தாள்.

"அது யாருக்குங்க?"

"யாருக்கும் இல்லம்மா. எண்ணிக்கைக்கு."

"கல்லு வெச்சா ஆளு வேணுமுங்க."

"அவளை அனுப்பிடு, தங்கவேல்," என்றேன் நான்.

ஒரு பொருளில் எண் எழுதிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் எங்கள் தொழிலில் அது உண்மையாகிவிடும். ஜெயராம் வெள்ளை மசியில் 30 என்று எழுதினார். மூன்றின் தலையை வளைக்காமல் தட்டையாக இழுப்பது அவர் வழக்கம். கல்லை மற்றவற்றுக்கு நடுவே வைத்துக் கண்ணாடியைப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் சுப்பராமன் விரலால் சுட்டி எண்ணினார். முப்பது. தலையசைத்தார்.

"இந்த முப்பதாம் நம்பர் கல் மட்டும் ஏன் ஈரமா இருக்கு?"

அவர் போனதும் மின்சாரமும் போனது. துடைத்துவிட்டு வருகிறேன் என்று ஜெயராம் துணியோடு கூடத்துக்குப் போனார். நான் அடுத்த அறையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. மின்விசிறி நின்ற அமைதியில் அந்தச் சத்தம் கேட்டது.

கல்லோடு கல் மோதும் சத்தம்.

டக். டக். நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன்.

இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

நின்றது.

"ஏன்னா?"

பாசி வாசனை மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

முப்பதாவது சத்தம், மெல்ல.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. அதன் அடியில் ஜெயராம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. கையிலிருந்த துணி காய்ந்து கிடந்தது.

தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

நான்கு நாளாக அந்தக் கட்டடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இதயம் நின்றால் அப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர். தலைமுடியைப் பற்றிக் கேட்டேன். வியர்வை என்றார்.

பதிமூன்றாம் நாள் நிதி வந்தது. கூடவே ஓர் அனுதாபக் கடிதம். அதைக் கிழித்துப் போட்டேன். தங்கத்தைத் தேடி மலைக்கு ஆள் அனுப்பினேன்.

அவள் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் துணியில் வைத்தாள். ஒன்றை மட்டும் நெடுநேரம் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். முப்பதாவதை மட்டும் மேசைமேல் என் பக்கம் தள்ளினாள்.

"இது எங்காளு இல்லீங்க. உங்க வூட்டு ஆளு."

அவள் பார்வையில் இரக்கம் இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை.

ஆறு வருடங்களாக அந்தக் கல் என் மயிலாப்பூர் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. எப்போது தொட்டாலும் ஈரம். நான் தனியாகத்தான் இருக்கிறேன். சாவி என் இடுப்பில்.

இன்று மதியம், நல்ல வெளிச்சத்தில், அலமாரியைத் திறந்தேன்.

இரண்டு கற்கள் இருந்தன.

புதிய கல்லில் 31 என்று எழுதியிருந்தது. மூன்றின் தலை தட்டையாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், வெள்ளை மசி விரலில் ஒட்டிக்கொண்டது.