பதினோராவது படம்

டெலிபோன் மூன்றாவது முறையாக அடித்தபோதுதான் கேப்டன் அசன்குல் ரிசீவரை எடுத்தார்.

“நீங்க தேடிக்கிட்டிருக்கிற சாட்சி யாருன்னு எனக்குத் தெரியும்.”

பெண் குரல். மூச்சு வாங்கியது.

“யார் பேசறது?”

“புருலாய். செத்துப்போன சபரலியோட பெண்சாதி. கலாச்சார மண்டபத்து ஆபீஸ்லேருந்து பேசறேன். நீங்க ஒட்டியிருக்கிற போட்டோவ இப்பத்தான் பாத்தேன்.”

அசன்குல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. மூன்று மணிக்கு ஜீப் வந்துவிடும். லாக்கப்பில் இருக்கும் ஜுமாஷை ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போகும். அங்கே விசாரணை... உடன்பிறந்த அண்ணனைக் கொன்றவனுக்கு அதற்கப்பால் மிச்சமிருப்பது ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு.

“பேரைச் சொல்லுங்க.”

“போன்ல சொல்ற பேர் இல்ல அது. முழுப் படத்தையும் எடுத்து வைங்க. வரேன்.”

வைத்துவிட்டாள்.

முழுப் படம்!

நாற்பது நாட்களுக்கு முன் நரின் ஆற்றங்கரையில், செங்குத்தான பாறைக்குக் கீழே, ஆடு மேய்ப்பவர்கள் காலையில் ஒரு பிணத்தைக் கண்டார்கள். சபரலி. பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர். ஊர்ப் போட்டோ கழகத்தின் தலைவர். பாறை விளிம்பின் ஜூனிபர் புதரில், வார் அறுந்து, தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய லியூபிதெல் கேமரா.

எளிய கறுப்புப் பெட்டி. முகப்பில் இரண்டு லென்ஸ்கள். மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது படம் எடுப்பதற்கு. நெஞ்சோடு அணைத்து, குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒன்று எடுத்தபின் குமிழைத் திருப்பி பிலிமை நகர்த்துவது எடுப்பவர் பொறுப்பு. மறந்தால் பெட்டி நினைவூட்டாது. ஒன்றின்மேல் இன்னொன்றாக வாங்கிக்கொள்ளும்.

அசன்குல்லும் கழகத்தின் உறுப்பினர்தான். அவரிடம் இருந்தது ஒற்றை லென்ஸ் பெட்டி. ஆனாலும், ஒரு படத்தைப் படிக்கத் தெரிந்தவன் இந்த மாவட்டத்திலேயே தான் ஒருவன்தான் என்று டீக்கடையில் அடிக்கடி சொல்லிக்கொள்வார். அந்தச் சுருளை அவரே கழுவினார்.

பத்துப் படங்கள் மலையும் குதிரையும்.

பதினோராவது படத்தில் ஜுமாஷ்!

இரண்டு கைகளும் மேலே. வாய் பிளந்திருக்கிறது. முகம் கோணியிருக்கிறது. படம் எடுப்பவர்மேல் பாயப்போகும் மனிதன். அவனுக்குப் பின்னால், பாறையின் இருட்டைத் தாண்டி, தொங்குபாலம். பாலத்தின்மேல் அரிசி அளவுக்கு ஓர் ஆள்.

பன்னிரண்டாவது படம் வெறுமை.

செத்தவன் தன்னைக் கொன்றவனையே படமெடுத்துவிட்டான் என்று அசன்குல் அறிக்கை எழுதினார். லாரி ஓட்டும் ஜுமாஷ் ஒரு பெட்டைக் குதிரைக்காக முந்தைய வாரம்தான் அண்ணனோடு சந்தையில் சட்டையைப் பிடித்திருந்தான். கைது செய்தபோது அவன் சொன்னது ஒரே வாக்கியம்: “அண்ணன் என்னாலதான் போனாரு.” அதன்பின் நாற்பது நாளும் வாய் திறக்கவில்லை. மாவட்டப் பத்திரிகை கேப்டனைப் புகழ்ந்து அரைப் பக்கம் எழுதியது.

ஒரே குறை, பாலத்தில் நின்ற அந்த அரிசி. அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ‘இவரைத் தெரிந்தவர்கள் தகவல் தரவும்’ என்று மண்டபத்துச் சுவரில் ஒட்டினார் அசன்குல். முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்ததால் ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. மூன்று மாவட்டங்களில் தேடியாயிற்று. சாட்சி அகப்படவில்லை.

கதவு திறந்தது.

புருலாய் உள்ளே வந்தாள். முக்காட்டில் எண்ணெய் வாசனை. இன்று நாற்பதாம் நாள் விருந்து என்றும், வீட்டில் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும், மாவு போதாமல் தான் இன்றுதான் முதன்முதலாக வாசற்படி தாண்டியதாகவும் சொன்னாள். கையில் அந்தச் சுவரொட்டி. கிழித்தே கொண்டுவந்திருந்தாள்.

“இந்த முழங்கையில வெளுப்பா ஒரு சதுரம் தெரியுதா?”

“தெரியுது.”

“என் பழைய பாவாடைத் துணி. நான்தான் ஒட்டுப் போட்டேன்.”

“யாரோட கோட்டு?”

“என் கொழுந்தனோடது. ஜுமாஷோடது.”

அசன்குல் சிரித்துவிட்டார். “ஏம்மா, கொலைகாரனே சாட்சியா? ஒரே ஆளு ஒரே படத்துல ரெண்டு எடத்துல எப்படி நிப்பான்?”

“படம் படிக்கத் தெரிஞ்சவர் நீங்கதானே. நான் கேக்க வந்ததே அதத்தான்.”

இரும்பு அலமாரியைத் திறந்து, கோப்பிலிருந்து முழுப் படத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். அது இதுவரை அவளுக்குக் காட்டப்படவில்லை. நாற்பது நாட்களாகக் கொழுந்தனின் பெயரைச் சொல்லிச் சபித்தவள் அவள். அவன் மனைவியை வாசலோடு திருப்பி அனுப்பியவள். அவள் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

விரல் மெல்ல நகர்ந்து, பாயும் மனிதனின் இடுப்பில் நின்றது.

“கேப்டன்... இது என்ன?”

“கச்சை.”

“என்ன கச்சை?”

அசன்குல் குனிந்து பார்த்தார்.

“துக்கக் கச்சை. என் மாமியார் பொட்டியிலேருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன், அண்ணன் பொணத்த வாங்கிட்டு வர அவன் கெளம்புறப்ப.” அவள் குரல் தாழ்ந்தது. “செத்ததுக்கு அப்புறம் கட்டின கச்சை, கொல்றப்பவே எப்படி இடுப்புக்கு வந்துச்சு?”



சாவு விழுந்த வீட்டின் ஆண் கோட்டின்மேல் கச்சை கட்டுவான். பிணத்தை நெருங்கும்போது கைகளை உயர்த்தி, ஊர் கேட்க, வாய்விட்டு அலறுவான். பிறந்ததிலிருந்து நூறு சாவுகளில் அசன்குல் கண்டது. அன்று நண்பகலில், அதே பாறையின்மேல், தன்னை நோக்கி ஓடிவந்த ஜுமாஷிடமும் கண்டது. பழகிய கண்ணுக்கு அது படத்தில் தனியாகத் தெரியவேயில்லை.

அது பாய்ச்சல் அல்ல... ஒப்பாரி!

இப்போது அவருடைய உள்ளங்கை வியர்த்தது. ஏனென்றால், உள்ளங்கைக்குத்தான் உண்மை தெரியும்.

அன்று புதரிலிருந்து கேமராவை எடுத்தார். கெட்டுப்போயிற்றா என்று அறிய ஆசை. உள்ளங்கையால் லென்ஸை மூடிக்கொண்டு... க்ளிக். உடனே கை தன் பழக்கப்படி குமிழைத் திருப்பியது. தடயத்தைத் தொட்டு விளையாடியதை எழுத வெட்கப்பட்டு அறிக்கையில் விட்டுவிட்டார். வெறுமையாக வந்த பன்னிரண்டாவது படம்தான் தன் உள்ளங்கை என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மூடியது மேல் லென்ஸை. பிலிமுக்குக் கண்ணாக இருந்ததோ கீழ் லென்ஸ்.

போதாததற்கு இன்னொன்று. படம் எடுத்தவுடன் குமிழைத் திருப்புவது அசன்குல்லின் வழக்கம். அடுத்த படத்துக்குச் சற்று முன்பு திருப்புவது சபரலியின் வழக்கம். எது சரி என்று இருவரும் கழகத்தில் மூன்று வருடம் சண்டை போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

செத்தவர் கடைசியாக எடுத்து, குமிழைத் திருப்பாமலே விட்ட பாலப் படத்தின்மேல், அசன்குல்லே ஒரு கொலைகாரனை அச்சிட்டிருந்தார்.

“அப்போ இந்தப் படத்த எடுத்தது யாரு?” என்று கேட்டாள் புருலாய்.

மூலையில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கோப்பில் நெகட்டிவ். அந்தக் க்ளிக் நடந்தது அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? நான்கு எட்டு வைத்தால் அடுப்பு. அப்புறம் மூன்று மணி, ஜீப், அரைப் பக்கப் புகழ்... எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

எழுந்தார்.

இரண்டு எட்டு வைத்தார்.

திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் படத்தின்மேல் விரலை வைத்தபடியே நின்றிருந்தாள்.

“நான்,” என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டெலிபோனில் தலைநகரைக் கூப்பிட்டார். ஜீப் வரட்டும் என்றும், ஆனால் ஏற வேண்டிய ஆள் மாறிவிட்டார் என்றும் சொன்னார். மறுமுனை யார் என்று கேட்டது. தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

லாக்கப் கதவைத் திறந்தபோது ஜுமாஷ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“பாலத்து மேல நின்னது நீயா?”

ஜுமாஷ் திரும்பினான். அண்ணியைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டான். நாற்பது நாட்களாக அடைத்திருந்த வாய் அப்போதுதான் திறந்தது.

“குதிரைச் சண்டை தீர்ந்துபோச்சு அண்ணி. அன்னைக்குச் சாயங்காலம் சமாதானமாகி, என்னைப் பாலத்துல நிறுத்தி ஒரு படம் எடுத்தாரு. அடுத்ததுக்கு நான்தான் விளையாட்டா கத்தினேன்... படத்துல பாலம் முழுசா விழணும்ணே, இன்னும் ரெண்டு அடி பின்னால போன்னு. அவரு குனிஞ்சு பொட்டியவே பாத்துக்கிட்டு பின்னால போனாரு.”

“ஏன்டா சொல்லல?”

“கீழ ஓடிப்போய்ப் பாத்தேன். மூச்சு இல்ல. உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஜெயில் அதவிட சுலபமா இருந்துச்சு.”

புருலாய் தரையில் அவன் அருகே உட்கார்ந்தாள். “நாப்பது நாளா உன்னச் சபிச்சேன்டா.”

“ஜன்னல் வழியா சனங்க சொல்லிட்டுப் போனாங்க. பாதி நான் செஞ்சதுதானே, விடுங்க.”

அசன்குல் தொப்பியைக் கழற்றினார். பாறையில் க்ளிக் செய்தது தான்தான் என்றும், மதிய விருந்தில் ஊர் கேட்க அதைச் சொல்லிவிட்டே ஜீப்பில் ஏறுவதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“க்ளிக் எனக்கும் கேட்டுச்சு கேப்டன்,” என்றான் ஜுமாஷ். “பொணம் கீழ கெடக்கு, என்னைய எதுக்குப் படம் எடுக்கறாருன்னு நெனச்சேன்.”

கேப்டனின் காது நுனிகள் சிவந்தன. 

கச்சையை மறுபடி இடுப்பில் இறுக்கிக்கொண்டு லாக்கப் வாசல்வரை போன ஜுமாஷ், நின்று திரும்பினான்.

“அந்தச் சாட்சியத் தேடி மூணு மாவட்டம் அலைஞ்சீங்களாமே கேப்டன்... இந்த ஒரு கதவ தட்டியிருக்கக் கூடாதா?”