கறுப்பு மையில் ஊதா

அன்று காலை சிவதாணுவின் வீட்டு மணி விடாமல் அடித்தது. கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்தவர் முதலில் செய்த காரியம், தானே கதவைச் சாத்தித் தாழ் போட்டதுதான். ஆள் நல்ல வாட்டசாட்டம். ஆனால் கோட்டாறு தெருவில் ஒரு பைக் உறுமிப் போனதற்கே அவர் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

"எனக்க பேரு ஸ்டெனி, சாரே. இராஜாக்கமங்கலம் கடக்கரை. வள்ளம் வச்சிருக்கேன். என்னைக் கொல்லப் போறானுவ."

சிவதாணு தடய அறிவியல் துறையில் ஆவணப் பிரிவில் இருந்தவர். வேலைக்காலம் முழுக்கக் காகிதத்தோடும் மையோடும் மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதற அடுத்த வீட்டு ஞானசிங் இருந்தார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். சிவதாணு வீட்டு வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் போதும், வந்து நிற்பார். இப்போதும் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்.

ஸ்டெனி சட்டைக்குள்ளிருந்து சில காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கறுப்புக் கட்டம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் வாய்விட்டுச் சிரிக்கும் ஸ்டெனியின் வண்ணப் படம். 'தோற்றம்' என்ற இடத்தில் அவர் பிறந்த தேதி இருந்தது. 'மறைவு' என்ற இடம் காலியாக இருந்தது.

ஞானசிங் அந்தக் காலியிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எதிரே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதன் சாகிற தேதிக்கு யாரோ இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்!

"எங்க கெடந்தது?" என்றார் சிவதாணு.

"கேட்டுல ஒட்டியிருந்து. எனக்க வீட்டுக்காரி குளோரி விடியக்காலம் பூசைக்குப் போவா. அவ போனப்பொறவு நான் எழும்பி வெளிய வந்தா இது இருக்கும். அவ திரும்பி வாறதுக்கு முன்ன கிழிச்சு ஒளிச்சிருவேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா பயத்துல பேடிச்சே செத்துப்போவா. அவளுக்க அண்ணன் ஒக்கிப் புயல்ல போனவன். சவம்கூடக் கெடைக்கல்ல."

"யாரு மேல சந்தேகம்?"

"ஐஸ் பேக்டரி தாணுமாலயன் மேலதான். உருகுன ஐஸத் தந்தான்னு சண்ட போட்டேன். 'ஒனக்கு நானே அஞ்சலி நோட்டீஸ் அடிக்கேன்லே'ன்னு நாலு பேரு கேக்கச் சொன்னான். வள்ளத்துப் பயலுவ அவன வெட்டணும்னு நிக்கானுவ. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்." ஸ்டெனியின் குரல் இறங்கியது. "தலமாட்டுல வெட்டுகத்தி வச்சிட்டுதான் படுக்கேன். நாளைக்கு நான் தூத்தூர் போட்டுல ஆழ்கடலுக்குப் போறேன், சாரே. வர மாசக்கணக்காவும். அதுக்குள்ள அவளத் தனியா வச்சு ஏதாச்சும் செஞ்சிருவானோன்னுதான் ஓடிவந்தேன்."

சிவதாணு ஒரு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விடியற்காலைத் தூறலில் நனைந்த காகிதம் அது. கறுப்பு எழுத்துகளைச் சுற்றி ஊதா நிறம் கசிந்து பரவியிருந்தது.

"இது வீட்டுப் பிரிண்டர்ல அடிச்சது. ஆனா கம்பெனி மை இல்ல. இந்த மாதிரி பிரிண்டருக்குக் கம்பெனி தாற கறுப்பு, காகிதத்து மேல படிஞ்சு நிக்கும். வெள்ளம் பட்டா லேசுல ஓடாது. வெலை கொறவா வெளிய விக்கிற மாத்து கார்ட்ரிட்ஜ்ல அனேகமா சாய மைதான். நனஞ்சா இப்பிடித்தான், உள்ள கெடக்க ஊதா வெளிய வரும்."

ஞானசிங் துள்ளினார். "இன்னொண்ணு கவனிச்சீரா வே? எங்க ஆளுவளுக்கு அஞ்சலின்னா மேல சிலுவை இருக்கும். இதுல இல்ல. அப்பம் அடிச்சவன் வேதக்காரன் இல்ல. தாணுமாலயன்தான்!"

"கவனிச்சேன். காரை எடும்" என்றார் சிவதாணு.

ஐஸ் பேக்டரி முழுக்க ஈரம். தரை, மேசை, நாற்காலி எல்லாவற்றிலும் நீர் சொட்டியது. ஸ்டெனியைக் கண்டதும் தாணுமாலயன் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார். அவரும் பயந்து போயிருந்தார்.

"கோவத்துல வாயில வந்ததச் சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கு நாலு நாளா ஒனக்க பயலுவ கேட்டுல வந்து நிக்கானுவ. எனக்கும் பிள்ளையள் உண்டு, ஸ்டெனி."

சிவதாணு தரையில் கிடந்த ஒரு பில்லை எடுத்தார். ஊறிப்போய் நைந்திருந்தது. எழுத்துகள் மட்டும் அப்படியே இருந்தன.

"லேசர் பிரிண்டரா?"

"பின்ன? ராப்பகலா வெள்ளத்துக்குள்ள கெடக்க தொழிலு. மை பிரிண்டர்ல அடிச்சா பில்லு கொழம்பாப் போயிரும். இங்க இருக்கது இது ஒண்ணுதான்."

"எங்ககூடக் கொஞ்சம் வாரும்" என்றார் சிவதாணு. தாணுமாலயன் தயங்கித் தயங்கித்தான் காரில் ஏறினார்.

தன் வீட்டுக் கேட்டுக்குள் நுழையும்போதே ஸ்டெனியின் கண் கம்பிகளை மேலும் கீழும் தேடியது. குளோரி வந்தவர்களுக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தாள். தாணுமாலயனைக் கண்டதும் தம்ளர்களை வைத்துவிட்டு வாசலோரம் ஒதுங்கினாள். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் ரெஜிஷாவின் பழைய பிரிண்டர் மூலையில் துண்டு போர்த்தி இருந்தது. பக்கத்தில் கம்பெனிக் கார்ட்ரிட்ஜ் பெட்டி.

"இதுல கம்பெனி மை மட்டும்தான் போடணும்னு மொவ கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார் ஸ்டெனி.

சிவதாணு பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அதற்கடியில் அன்பியக் கூட்டத்துப் பாட்டுத் தாள்கள் அடுக்கியிருந்தன. அந்தப் பகுதி வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம் போன வாரம் இங்கேதான் நடந்தது. வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்திருந்தார். மேல் தாளில் துளி விழுந்த இடமெல்லாம் கறுப்பு எழுத்து கலைந்து ஊதா வட்டமாகியிருந்தது.

சிவதாணு அந்தத் தாளையும் அஞ்சலித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குளோரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டி வெறும் பெட்டி" என்றார் சிவதாணு மெதுவாக. "கம்பெனி மை எப்பமோ தீந்துபோச்சு. அன்பியத்துல இருக்க அத்தன வீட்டுக்கும் பாட்டுத் தாள் அடிச்சா எப்பிடித் தங்கும்? மொவளுக்குத் தெரியாம மாத்து கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டிருக்கு."

"மாத்து மை வாங்குறவிய ஊரு பூரா உண்டே!" என்றார் ஞானசிங். கையில் கிடைத்த குற்றவாளி நழுவுகிற வருத்தம் அவருக்கு.

"உண்டு. அதனால மைய மட்டும் நம்பல. ஸ்டெனி, இந்தப் படத்த எடுத்தது யாரு?"

ஸ்டெனி குனிந்து பார்த்தார். "தெரியல்ல சாரே. கேமராவக் கண்டா நான் மொறச்சிட்டுல்லா நிப்பேன்."

"இதுல சிரிக்கீங்க. எடுத்த ஆளப் பாத்துச் சிரிக்கீங்க. விரோதி முன்னால யாரும் இப்பிடிச் சிரிக்கமாட்டான். அடுத்தது, ஒட்டுன நேரம். ஒவ்வொரு தடவையும் அம்மா பூசைக்குப் போனப்பொறவு, நீங்க எழும்புறதுக்கு முன்ன. வெளியாளுன்னா ஒரு நாளாவது பிந்தியிருப்பான், யாரு கண்ணுலயாவது பட்டிருப்பான். பூசைக்குப் போறவங்களே போற போக்குல ஒட்டுனா யாரு பாக்கப் போறா?"

தாணுமாலயன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டெனிக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்பதுபோல மனைவியைப் பார்க்காமல் நின்றார்.

"சிங்கு, நீரு சிலுவை இல்லன்னு சொன்னீரு. இந்தக் கடக்கரையில எந்தச் சுவரப் பாத்தாலும் அஞ்சலி நோட்டீஸ் இருக்கு. சிலுவை போடணும்னு தாணுமாலயனுக்குத் தெரியாதா? பயங்காட்டணும்னு நெனைக்கிறவன் மொதல்ல அதத்தான் போடுவான், தேதியும் போட்டிருப்பான். இத அடிச்சவங்களுக்கு ரெண்டும் முடியல்ல. உயிரோட இருக்க மனுசன் பேருக்கு மேல சிலுவையப் போடக் கை வரல்ல. சாவுற தேதிய எழுதவும் கை வரல்ல."

குளோரி தரையில் உட்கார்ந்தாள். அழுகையில் அவள் குரல் உடைந்து வந்தது.

"ஆழ்கடலுக்குப் போவாதீங்கன்னு எத்தன தடவ காலப் பிடிச்சேன்! 'பாப்போம்'னு சிரிச்சாவ. எங்க அண்ணனும் தூத்தூர் போட்டுலதான் போனான். அவனும் இப்பிடித்தான் சிரிச்சிட்டுப் போனான். கேட்டுல அஞ்சலி கண்டா எந்த ஆம்பளையும் கடலுக்கு எறங்கமாட்டான். பேடிச்சு வீட்டுல இருப்பாவன்னு நெனச்சேன். பூசையில முழுக்க ஆண்டவர்ட்ட மன்னிப்புதான் கேட்டேன். திரும்பி வந்தா தாளக் காணாது. இவிய ஒண்ணும் நடக்காத மாதிரி கஞ்சி குடிச்சிட்டு இருப்பாவ. கல்லு மாதிரி! அதனாலதான் பின்னயும் பின்னயும் ஒட்டினேன்."

ஸ்டெனி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, நான் தூத்தூர்க்காரனுக்குச் சம்மதமே சொல்லாம இருந்தேன். போவவேண்டாம்னுதான் மனசுல இருந்து. இந்த மொதத் தாளக் கண்ட அன்னைக்குத்தான் போன் போட்டு வாறேன்னு சொன்னேன். கரையில கெடந்தா எவனாச்சும் வெட்டிப்போடுவான், நடுக்கடலுக்கு எவன் வரப் போறான்னு நெனச்சு. நீ ஒட்ட ஒட்ட எனக்குக் கடலுக்கு ஓடணும்னுதான் தோணிச்சு."

குளோரி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கையாலேயே அவரைக் கடலுக்குத் தள்ளிவிட இருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞானசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸ்டெனியின் போன் அடித்தது. தூத்தூர் படகு முதலாளி. அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது: ஐஸ் ஏற்றியாகிவிட்டது, ஆட்கள் வந்தாயிற்று, படகை ஓட்ட வேண்டிய சிராங்கு ஸ்டெனி மட்டும்தான் பாக்கி.

ஸ்டெனி குளோரியைப் பார்த்தார்.

"நான் வரல்ல, முதலாளி. வேற சிராங்கப் பாருங்க" என்றார். "சொகக்கேடு ஒண்ணும் இல்ல. எனக்குப் பேடியா இருக்கு. வீட்டுக்காரிக்கும் பேடியா இருக்கு."

மறுமுனையில் முதலாளி ஏதோ கத்தினார். ஸ்டெனி போனை அணைத்துத் தரையில் வைத்தார்.