ஈரமான சட்டைக்கை

சட்டைக்கையின் விளிம்பு ஈரமாக இருந்தது. துவைக்கக் கிடந்த மகளின் பள்ளிச் சட்டையைக் கூடையிலிருந்து எடுத்தபோதுதான் அவள் கவனித்தாள். முழுக்கைச் சட்டை, இடது கை மொடமொடப்பாக அப்படியே இருக்க, வலது கையின் கஃப் பட்டை மட்டும் நைந்து, எச்சில் வாடையோடு, உள்ளே வைத்துத் தைத்த கேன்வாஸ் வெளியே தெரியும்படி பிய்ந்திருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது சட்டை.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு கஃப் மாற்றுவது பெரிய வேலையா? மகளைக் கூப்பிட்டு, ஏழு வயதில் சட்டையைச் சப்புகிறாயே என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். இனிமேல் சப்பமாட்டேன் என்றாள் பிள்ளை.

பள்ளியில் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் ஆலோசகர் போன வாரமே போன் செய்திருந்தார். தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறாள், வகுப்பில் வாசலை ஒட்டியே உட்காருகிறாள், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இது பிடிவாதம் இல்லை, பதற்றம், கவனித்தால் சரியாகும், நீங்களும் கூட வாருங்கள் என்றார். அந்த ‘நீங்களும்’தான் அவளுக்குச் சுருக்கென்றது. போன வருடம் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் பிள்ளையைக் காணாமல் தவித்ததிலிருந்து, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடப்பதையும், தாழ்ப்பாளை ஆறேழு முறை இழுத்துப் பார்ப்பதையும், விடியற்காலை கண் அசரும்வரை மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பதையும் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். எங்களுக்கு ஒன்றுமில்லை மேடம், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி போனை வைத்தாள். ரவிக்கை வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா, சன்னலோரம் மிரண்டு நின்ற மகளைப் பார்த்து, நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று சிரித்தபோது அவளால் கூடச் சிரிக்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் அந்தச் சட்டையைப் பிரிக்க எடுத்தாள். தெரு வெயிலில் அடங்கிக் கிடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. தையல் எந்திர எண்ணெயின் வாடை அறையில் தேங்கி நின்றது. விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

கத்தரி வைக்கப் போன கை நின்றது.

துணியில் பல் தடங்கள் பதிந்திருந்தன. நெருக்கத் தையல் போல, இடைவெளியே இல்லாமல்.

மகளுக்கு மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்து ஒரு மாதம் ஆகிறது.

எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. பின்கதவு. அதுவும். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். யாரும் இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“கண்ணு, இந்தச் சட்டைய யாரு கடிச்சது?”

மகள் தன் வலது சட்டைக்கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நீதான்மா. தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிற. அழற. நாக்கக் கடிச்சுக்குவியோன்னு பயமா இருக்கும். என் கைய வெச்சா அமைதியாயிடுவ. நீ தூங்கினப்புறம் ஸ்கூல் சட்டையப் போட்டுக்குவேன், அதுதான் முழுக்கை, கெட்டித் துணி.”

மகள் போட்டிருந்த மேல்சட்டையின் அந்தக் கையை அவள் மேலே தள்ளினாள். மணிக்கட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தடங்கள். பழையவை மஞ்சளாக. புதியவை கருநீலமாக.

“வலிக்கலையாடி?”

“வலிக்கும். ஆனா சட்டை இருக்குல்ல.”

தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தப் பிள்ளையைத்தானே திட்டினாள். உதவிக்குக் கூப்பிட்டவரையும் போனிலேயே தட்டிக்கழித்துவிட்டாளே. அந்த ஆலோசகருக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. கட்டாயம் கூப்பிடுவார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். தன்னையும் சேர்த்து. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது என்று சொல்லியபடி சுவரில் சாய்ந்தாள். பல மாதத் தூக்கம் அவள் இமைகளில் உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது.

கண் விழித்தாள். வாயில் உப்புக் கரித்தது. வாய்க்குள் எதுவோ. மெல்லியதாக. சூடாக. அதற்குள் ஒரு நாடி துடித்தது.

இந்த முறை துணி இல்லை. அவசரத்தில் மகள் சட்டைக்கையை இறக்கிவிட மறந்திருந்தாள்.

மகள் இடது கையால் போனை எடுத்து, தோளில் அணைத்துக்கொண்டு, அந்தக் கையால் அம்மாவின் தலையைக் கோதினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அம்மா தூங்கறாங்க மிஸ். இல்ல மிஸ், அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல.”

மகளின் கையை விட அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. இன்னொரு முறை. தாடை அவள் பேச்சைக் கேட்கவில்லை. பற்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

மகள் ஒரு நொடி கண்ணை இறுக மூடித் திறந்தாள். போனில், “தேங்க்ஸ் மிஸ்” என்றாள்.