வலது கைப்பிடி

இடது கைப்பிடி சில்லென்று இருந்தது. வலது கைப்பிடி சூடாக இருந்தது.

குணசேகரன் கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தான். வெயிலில் கிடந்த சூடு அல்ல. மலைமேல் இருந்த அந்தக் குண்டனி நாட்டு ஊரில் அன்று வெயிலே வரவில்லை. மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, பலாமரத்தடிக் கொட்டகையின் தகரத்திலிருந்து ஈரம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. யாரோ வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்த மாதிரியான சூடு.

“வண்டிய முறுக்கிக் கிறுக்கிப் பாத்தியாம்மா?” என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

“இல்லீங்கண்ணா. அவரு போனதுக்கப்பறம் அத யாருமே தொடலீங்க,” என்றாள் ராதிகா உள்ளேயிருந்து. மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனை வந்தது.

அவர் என்றால் பூபதி, அவள் புருஷன். அவனிடம் மிளகு வாங்குவதற்காகப் பத்து வருஷம் மலையேறி வந்து, கடைசியில் சிநேகிதனாகிப் போனவன் குணசேகரன். போன மார்கழியில் தன் பழைய பைக்கை அவனுக்குக் கொடுத்ததும் அந்தச் சிநேகிதத்தில்தான். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று, கொடுப்பதற்கு முன்னால் அடிவாரத்தில் தன் வீட்டு வாசலில் வைத்து, கேபிளுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டான். மத்தியான வெயிலுக்கு எண்ணெய் தண்ணீராய் ஓடியது. கைப்பிடி வழுக்கிக்கொண்டு திரும்பியது. மார்கழிக் குளிரில் மலைமேல் அதே எண்ணெய் கட்டியாக உறையும், முறுக்கிய ஆக்ஸிலேட்டர் முறுக்கியபடியே நின்றுவிடும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கீழே இருப்பவனுக்கு அது தோன்றவில்லை. மறுநாள் விடியற்காலை பூபதி மிளகு மூட்டையோடு இறங்கினான். கொண்டை ஊசி வளைவில் வண்டி வேகம் குறையாமல், அலறிக்கொண்டே நேராகப் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பூபதி பிழைக்கவில்லை; புதரில் சிக்கிய வண்டியை மட்டும் மேலே தூக்கி வந்து இந்தக் கொட்டகையில் நிறுத்தினார்கள். தூக்கக் கலக்கம் என்று ஊர் முடிவு கட்டியது. குணசேகரன் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ராதிகா போன் செய்தாள். வண்டியை இனி தானே ஓட்டப் போவதாகவும், நாளை செம்மேட்டு மெக்கானிக்கிடம் விடப் போவதாகவும் சொன்னாள். மெக்கானிக் கைப்பிடி மூடியைத் திறந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திறக்காமல் அவள் ஓட்டினால் அவளும் போய்விடுவாள். இரண்டுக்கும் பயந்துதான் குணசேகரன் ஸ்பேனரும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஓடி வந்திருந்தான்.

கைப்பிடிக்குக் கீழே இருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினான். உள்ளே கம்பி சுற்றியிருந்த இடமெல்லாம் வெள்ளையாக, மெழுகு அப்பியது போல எண்ணெய் உறைந்திருந்தது. வருஷம் ஒன்றாகியும் தேங்காய் வாசனை போகவில்லை. அதோடு இன்னொரு வாசனையும் கலந்து வந்தது. பச்சை மிளகும் வேர்வையும். பூபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருகிற வாசனை.  குணசேகரன் அவசர அவசரமாக ஒரு துணியால் வழித்து, அதை மடியில் செருகிக்கொண்டான்.

மண்ணெண்ணெயால் கேபிளைக் கழுவி, இன்ஜின் ஆயில் விட்டு, திரும்பவும் மாட்டினான். முறுக்கினான். விட்டான். சட்டென்று திரும்ப வேண்டிய கைப்பிடி மெதுவாகத் திரும்பி, பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மீதியும் திரும்பியது. தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்த ஈரத்தின் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ராதிகா சுக்குக் காப்பியோடு வந்து நின்றாள். “எதுனாலங்கண்ணா இப்பிடி இறுகிப்போச்சு?”

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். முடியவில்லை.

“துரும்மா. மழத்தண்ணி எறங்கியிருச்சு.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

அவன் முதுகுக்குப் பின்னால் வண்டியின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. ராதிகாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. “கெழங்க எறக்கி வெச்சுட்டு வாரனுங்க,” என்று உள்ளே போனாள்.

குணசேகரன் கேபிளையே இரண்டு பக்கமும் கழற்றி எடுத்து இடது கையில் சுற்றிக்கொண்டான். இனி கைப்பிடி வெறும் ரப்பர். குழாய்மேல் சும்மா சுற்ற வேண்டும். வலது கையால் முறுக்கினான். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். இருமடங்கு பலத்தோடு அது எதிர்த்தது. இரும்பு இப்படி எதிர்க்காது. இன்னொரு கைதான் இப்படி எதிர்க்கும்.

பிறகு அது தானாகத் திரும்பியது. அவன் கைக்குள்ளேயே.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. ரப்பருக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஏதோ புடைத்தது. ஒன்று. இரண்டு. நான்கு விரல் முட்டிகள். சூடு. வேர்வை ஈரம். அவன் கட்டைவிரல்மேல் இன்னொரு கட்டைவிரல் ஏறிப் படிந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எலும்பு நெரிந்தது. கத்த வாயெடுத்தான். சத்தம் வரவில்லை.

விட்டது.

பின்னால் சாய்ந்து ஈரமண்ணில் விழுந்தான். கிக்கர் ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. வண்டி உயிர் பிடித்தது. முன்விளக்கு மூடுபனியில் மஞ்சளாக எரிந்தது.

ராதிகா வந்தாள். தலைவாரி, ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கீழே கிடந்தவனைப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போனாள். தானே ஓட்டப் போவதாகச் சொன்னவள், முன்னால் இடம் விட்டு, பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

“ஏறாதம்மா!” குணசேகரன் கத்தினான். “எறங்கிரு கண்ணு! துரு இல்ல. எண்ண ஊத்துனது நாந்தான். தேங்காயெண்ண. நாந்தான் ஊத்துனேன்.”

“தெரியுங்கண்ணா,” என்றாள். கோபமே இல்லை. “இப்பத்தான் சொன்னாரு.”

அவன் கையில் கேபிள் சுற்றியபடியே இருந்தது. கேபிளே இல்லாத இன்ஜின் மெல்ல உறுமி உயர்ந்தது. ராதிகா சீட்டில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தனக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காருமளவுக்கு இடம் விட்டாள்.

“உங்களையும் ஏறச் சொல்றாருங்க.”

அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. வெறும் சீட்டு. பெட்ரோல் டேங்க். பனி. ஆனால் தோள் உயரத்தில், காற்றில், அவளுடைய வலது கை எதன்மேலோ படிந்திருந்தது. அந்தக் கை மெதுவாக உயர்ந்தது. மெதுவாகத் தாழ்ந்தது. மூச்சு விடுகிற ஒரு தோளின்மேல் இருப்பது போல, மறுபடியும் உயர்ந்தது.