வேணுகோபாலின் கடைசிச் சட்டை

வேணுகோபாலின் சட்டை கூழாகிக்கொண்டிருந்தபோது அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது!

ஹேமநாத் அரவை மோட்டாரை நிறுத்தாமலே எடுத்தான்.

"தம்பி... அவரு அங்க இருக்காரா? நேத்து போனவரு இன்னும் வூட்டுக்கு வரல..."

"இங்க வரவேயில்லியே அண்ணி! களம்பூர் பக்கம் எங்கனா போயிருப்பாரு. பேஜார் ஆவாதீங்க, வந்துடுவாரு."

வரமாட்டார். ஆற்று மணலுக்கு அடியில் படுத்திருப்பவர் எப்படி வருவார்?

வேணுகோபால் ஆரணிப் பட்டு நெசவாளி. இருநூறு வருஷத்துக்கு முந்தைய முதல் காகித மெஷினை அச்சு அசலாகத் திரும்பச் செய்தவர். கூழ் ஓடும் பித்தளைக் கம்பி வலையைக்கூட தன் தறியிலேயே நெய்தார். பணம் போட்டவன் ஹேமநாத். மெஷினை வாங்க ஒரு மியூசியம் வருகிறது.

"மியூசியத்துல வைக்கிற பலகைல என் பேரையும் போடுப்பா" என்று கேட்டார் வேணுகோபால். பாவம், அது ஒன்றுதான் அவர் செய்த குற்றம்!

"கண்டுபுடிச்ச பிரெஞ்சுக்காரன் ஏழையாத்தான் செத்தான். பணம் போட்ட லண்டன்காரங்க பேருதான் நின்னுச்சு. சரித்திரத்த மாத்தாதீங்கண்ணே!"

சொல்லிக்கொண்டே இரும்புக் கம்பியை ஓங்கினான் ஹேமநாத்.

அந்தக் காலத்தில் மரக்கூழ் ஏது? பழந்துணிதான் காகிதம்; இந்த மெஷினுக்கும் அதுதான். பொத்தான்களைப் பிடுங்கினான்... ரத்தத்தை அலசினான்... சட்டையையும் வேட்டியையும் தொட்டியில் போட்டான். சாயங்காலமே சாட்சி வெள்ளைத் தாளாகிக் கொடியில் காய்ந்தது.

மறுநாள் வேணுகோபாலின் மனைவி சுபலட்சுமி வந்தாள். கூடவே இன்ஸ்பெக்டர் இளமதி!

"புகார் எழுதணும். ஒரு பேப்பர் குடுங்க" என்றாள் இளமதி.

ஹேமநாத்துக்குக் குஷி தாங்கவில்லை. கொடியிலிருந்தே ஒன்றை உருவினான்.

"அண்ணன் மெஷின்ல போட்டது. இதுலயே எழுதுங்க அண்ணி."

புருஷன் சட்டையிலேயே பெண்டாட்டி புகார் எழுதப்போகிறாள்! சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

அவள் எழுதவில்லை. தாளில் ஏதோ மின்னிய இடத்தை நகத்தால் கீறினாள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல் வந்தது.

"இது இன்னா தம்பி?"

"ஆரணில பட்டு நூலுக்கா பஞ்சம்? கந்தலோட வந்திருக்கும்."

"பட்டு அரையாதுன்னுதான வாசல்ல 'பருத்தி மட்டும்'னு எழுதி வச்சிகினு இருக்க?"

ஹேமநாத் தாளைப் பிடுங்கப் பார்த்தான்; சுபலட்சுமி விடவில்லை.

"அவரு சட்ட தோள்ல கிழிஞ்சிருந்துச்சு. வெள்ள நூலு தீந்துபோச்சு. தறில மிஞ்சின இந்த நூலாலதான் தச்சிக் குடுத்தேன். அத போட்டுகினுதான் உன்னப் பாக்க வந்தாரு. பாவி... இன்னாடா பண்ண அவர?"

அவள் அலறினாள்.

இளமதி அவனை நெருங்கினாள். "அவரு இங்க வரவேயில்லன்னு போன்ல சொன்னியாமே? சட்ட மட்டும் தனியா நடந்து வந்துச்சா?"

"என் பணம் மேடம்! பலகைல என் பேரு மட்டும்தான் இருக்கணும்... அந்தாளு கேக்கல..." உளறிவிட்டான்!

இளமதி விலங்கைப் பூட்டினாள்.

"கவலப்படாத. எஃப்.ஐ.ஆர்ல உன் பேரு மட்டும்தான் போடப்போறேன்!"