கடலை நீந்திக் கடக்கவும்

நிரோஜனுக்கு ஆறு வயது. பல் துலக்கும்போது மட்டும்தான் அவன் கேள்வி கேட்பதில்லை.

"அக்கா, பல்லிக்குக் காது எங்க இருக்கு?"

"அக்கா, மீன் எப்ப நித்திரை கொள்ளும்?"

அக்கா சுதாஜினிக்குப் பதினொரு வயது. விடை தெரியாத கேள்விகளை அவள் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பாள். சனிக்கிழமைகளில் வவுனியா குருமன்காட்டுச் சந்தியில் இருக்கும் றிஃப்னா அக்காவின் நெற் கஃபேக்கு அம்மா இருவரையும் கூட்டிப் போவார். கனடாவில் இருக்கும் அப்பாவுக்கு மின்னஞ்சல் எழுதுவதற்காகத்தான் அந்தப் பயணம். எழுதி முடித்ததும் சுதாஜினி கொப்பியைத் திறந்து கணினியில் விடை தேடுவாள்.

ஒருமுறை, "யானைக்கு இருபத்தாறு பல்லாம்" என்று அவள் வாசித்துச் சொன்னாள்.

"நான் நம்பமாட்டன்" என்றான் நிரோஜன்.

"டேய், கொம்பியூட்டர் சொல்லுது. கொம்பியூட்டர் ஒருநாளும் பொய் சொல்லாது."

அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான். அன்று சுதாஜினிக்கு வெற்றி. இது 2007ஆம் ஆண்டு நடந்தது.

அப்பா ரொறன்ரோவுக்குப் போய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவின் அக்காவான மாமி பாரிசில் இருக்கிறார்; அவருடைய மகளுக்குக் கல்யாணம். வருகிற வியாழக்கிழமை அப்பா அங்கே போகிறார். அந்தச் சனிக்கிழமை நிரோஜனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அப்பா ரொறன்ரோவில இருந்து பாரிசுக்கு எப்படிப் போவார்?"

அப்போது அம்மா பக்கத்துக் கடையில் சீனி வாங்கிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்ட றிஃப்னா அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு.

"இதில வழி கேட்டால் காட்டும். ஒரு வேடிக்கை இருக்கு, பாருங்க" என்று இணைய வரைபடத்தைத் திறந்து இரண்டு ஊர்ப் பெயர்களையும் தட்டினாள்.

திரையில் ஒரு நீளமான பட்டியல் வந்தது. இடப்பக்கம் திரும்பவும். வலப்பக்கம் திரும்பவும். நேரே போகவும். சுதாஜினி ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள்.

"கடலை நீந்திக் கடக்கவும். ஐயாயிரத்து ஐந்நூற்று எழுபத்திரண்டு கிலோமீற்றர்!"

அவளும் றிஃப்னா அக்காவும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அதற்குள் யாரோ றிஃப்னா அக்காவைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் வாசலில் நின்று, "கெதியா வாங்கோ, மழை வரப்போகுது" என்றார். எல்லோரும் அவசரமாகப் புறப்பட்டார்கள்.

நிரோஜன் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அப்பாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. நிரோஜன் ஓடிப்போய் முதலில் எடுத்தான்.

"அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

அப்பா பெரிதாகச் சிரித்தார். "நானோ? கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கவே எனக்குத் தலை சுத்தும்! ஏன் கேக்கிறாய்?"

நிரோஜன் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். இரவு அவனுக்குப் பிடித்த புட்டும் மாம்பழமும் சாப்பாட்டுக் கோப்பையில் அப்படியே கிடந்தன.

திங்கட்கிழமையும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம், அன்று முழுக்க அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவனைக் காணவில்லை.

அம்மா முற்றத்தில் பார்த்தார். கிணற்றடியில் பார்த்தார். பக்கத்து வீட்டு வடிவம்மா மாமியிடம் ஓடினார். போர் நடந்த அந்த நாட்களில் வவுனியாவில் ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் காணாவிட்டாலும் தாய்மாருக்கு நெஞ்சு பதறும்.

சுதாஜினி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் இருந்த வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் காணவில்லை. முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடிக் கயிறும் இல்லை. இதெல்லாம் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மா, நான் சந்திப் பக்கம் பார்த்துக்கொண்டு வாறன்!"

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள். ஒழுங்கை முடிவில் சங்கிலி அண்ணையின் கடை. "தம்பியோ? ஒரு கானைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தபால் கந்தோர்ப் பக்கம் போனவன்" என்றார் அவர்.

சுதாஜினி தபால் கந்தோருக்குள் ஓடினாள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு நிரோஜனின் தலை தெரியவில்லை. மேசைக்கு மேலே அந்தக் கான் மட்டும்தான் தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் கோணல்மாணலாக, 'அப்பா, கனடா' என்று எழுதியிருந்தது. அங்கே வேலை செய்யும் விமலேஸ்வரி அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன தம்பி?"

"காத்து."

"காத்தையோ கனடாவுக்கு அனுப்பப் போறாய்?"

"ஓம். வெளியில போகாமல் இறுக்கி மூடிப்போட்டன். வியாழக்கிழமைக்கு முதல் போய்ச் சேருமோ?"

சுதாஜினிக்கு வந்த கோபத்தில் அவனுடைய காதைப் பிடித்துத் திருகத்தான் தோன்றியது. ஆனால் கானின் கைப்பிடியில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்ததும் அவளுடைய கை நின்றுவிட்டது. இப்படிக் கானைக் கட்டிக்கொண்டுதான் ஊர்ப் பிள்ளைகள் குளத்தில் நீந்தப் பழகுவார்கள்.

"இது அப்பாவின்ர இடுப்பில கட்டவோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நிரோஜன் தலையாட்டினான். "பெரிய கடலுக்கு ஒரு கான் போதாது அக்கா. எங்கட வீட்டில ஒண்டுதான் இருந்தது." சொல்லும்போதே அவன் கண்கள் நிரம்பிவிட்டன.

விமலேஸ்வரி அன்ரி சிரிக்கவில்லை. சுதாஜினியும் சிரிக்கவில்லை.

"அது பகிடியடா தம்பி. ஒருத்தரும் கடலை நீந்திப் போறதில்லை" என்றாள் சுதாஜினி.

"நீதானே சொன்னனி, கொம்பியூட்டர் ஒருநாளும் பொய் சொல்லாதெண்டு?"

சுதாஜினி கானைச் சைக்கிளில் கட்டி, தம்பியை முன்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு ஏசினார், பிறகு மறுபடியும் கட்டிப்பிடித்தார்.

"அப்பா பிளேனிலதான் போறார் ராசா" என்று அம்மா எத்தனையோ தரம் சொன்னார். நிரோஜன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் சோற்றைத் தொடவில்லை. அம்மாவை விடக் கொம்பியூட்டருக்குத்தான் கூடுதலாகத் தெரியும் என்று அவன் நினைப்பது சுதாஜினிக்கு விளங்கியது. அந்த நினைப்பை அவனுடைய தலைக்குள் போட்டவள் அவள்தான். எடுக்கவேண்டியவளும் அவள்தான். ஆனால் எப்படி?

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு தம்பியை நெற் கஃபேக்குக் கூட்டிப் போனாள். நடந்ததைக் கேட்ட றிஃப்னா அக்கா தலையில் கை வைத்தாள்.

"அல்லாவே! நான் சும்மா சிரிக்கத்தானே காட்டினன். தம்பி, இங்க வாங்க, நான் சொல்றன்..."

"பொறுங்கோ அக்கா, அவனே கேக்கட்டும்" என்றாள் சுதாஜினி. தம்பியைக் கணினிக்கு முன்னால் இருத்தினாள். "நீ இதிட்ட ஒரு வழி கேள். உனக்கு நல்லாத் தெரிஞ்ச வழியாக் கேள்."

நிரோஜன் யோசித்தான். "எங்கட வீட்டில இருந்து பள்ளிக்கூடத்துக்கு."

சுதாஜினி தட்டினாள். கணினி நீண்ட நேரம் எடுத்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. அவள் வாசித்தாள்: "அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை."

நிரோஜனின் வாய் திறந்தபடி நின்றது. "எங்கட பள்ளிக்கூடம் தெரியாதாமோ?"

"தெரியாதாம்."

"வாசலில வேப்பமரம் நிக்குதெண்டு சொல்லு."

"சொன்னாலும் தெரியாதடா."

"சங்கிலி அண்ணையின்ர கடை?"

"அதுவும் தெரியாது."

நிரோஜன் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாமல் நிற்கும் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது அவன் பார்வை. "பாவம்" என்றான்.

"நான் சொன்னது பிழை தம்பி" என்றாள் சுதாஜினி. "கொம்பியூட்டருக்குத் தானா ஒண்டும் தெரியாது. ஆரும் சொல்லிக் குடுத்தால்தான் தெரியும்."

"அப்ப கடலை நீந்தச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

"எங்கயோ ஒரு கந்தோரில இருந்து வேலை செய்யிற ஆக்கள். கடலுக்கு நடுவில றோட்டு இல்லைத்தானே? என்ன எழுதிறதெண்டு யோசிச்சிருப்பினம். உன்னை மாதிரி ஒரு குழப்படிகாரன் இதை எழுதிப்போட்டு, ஆரும் கண்டுபிடிக்கினமோ எண்டு பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்."

"வாயைப் பொத்திக்கொண்டோ?"

"ஓம், வாயைப் பொத்திச் சிரிச்சுக்கொண்டு."

நிரோஜனின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. நான்கு நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. உடனே கேள்விகளும் வந்துவிட்டன. "பிளேனில சாப்பாடு குடுப்பினமோ? அதுக்குள்ள கக்கூஸ் இருக்கோ? அது எங்க போய் விழும்?"

றிஃப்னா அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு பணிஸ்களைக் கொண்டுவந்து வைத்தாள். நிரோஜன் தன்னுடையதைச் சாப்பிட்டுவிட்டு அக்காவுடையதில் பாதியையும் சாப்பிட்டான். திடீரென்று மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, கொம்பியூட்டருக்கு எங்கட வீடு தெரியாதெல்லோ? அப்பா திரும்பி வரேக்க ஆரிட்ட வழி கேப்பார்?"

"நாங்கள் எழுதி அனுப்புவமோ?"

அவன் சொல்லச் சொல்ல சுதாஜினி மின்னஞ்சலில் எழுதினாள்.

'மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கவும். குருமன்காட்டுச் சந்திக்கு வரவும். சங்கிலி அண்ணையின் கடையில் திரும்பவும். அங்கே ஒரு நாய் குரைக்கும். அது கடிக்காது. பச்சைக் கேற்றுக்கு முன்னால் நிற்கவும்.'

அதோடு நிரோஜன் நிறுத்தினான். சற்று யோசித்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி அக்காவின் காதுக்குள் இன்னொரு வரியைச் சொன்னான். அதையும் சேர்த்து அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாரிசில் மாமி வீட்டிலிருந்து அப்பா பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படி அம்மா தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"நீங்கள் அனுப்பின வழி வந்தது. இப்ப அதில இருக்கிற மாதிரி நான் நடந்து வாறன், சரியோ?" என்றார் அப்பா. ஒவ்வொரு வரியாக மெதுவாக வாசித்தார். சங்கிலி அண்ணையின் கடையில் திரும்பினார். நாய்க்குப் பயப்படாமல் நடந்தார். பிறகு நின்றார்.

"பச்சைக் கேற்றோ? நான் வெளிக்கிடேக்க நீலமெல்லோ?"

"அம்மா போன வருசம் பெயின்ற் அடிச்சவா" என்றாள் சுதாஜினி.

"அப்பிடியோ..." என்றார் அப்பா. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரியை வாசித்தார்.

"ஒற்றைக் காலில் மூன்று தரம் துள்ளவும். துள்ளினால்தான் கேற்று திறக்கும்."

பிறகு தொலைபேசிக்குள், 'தொம்!' என்று கேட்டது.

"டேய் தம்பி, உனக்கென்ன விசரோ?" என்று தூரத்தில் மாமி கத்தினார். "கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வரப்போறான்!"

'தொம்!'

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நிரோஜன் மேசையோடு காதை வைத்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

'தொம்!'

"மூண்டு!" என்று அவன் கூவினான். "சரி அப்பா, கேற்று திறந்திட்டுது. உள்ளுக்கு வாங்கோ!"