ஊதாப் புள்ளி நோட்டு

"அம்மா, இந்த மக்காச்சோளத்துக்கு அம்மை போட்டிருக்கா?"

"இல்லடி பட்டாணி. இது தாவுற மரபணு பண்ற வேலை."

"தாவுறதுக்கு அது என்ன குரங்கா?"

அம்மா சிரித்தாள். விதை ஆய்வுக்கூடத்தில் லென்ஸ் வைத்துச் சோள மணிகளின் புள்ளிகளை எண்ணுவதுதான் அவள் வேலை.

"உங்கப்பா டிவிக்கு முன்னாடி வந்து நின்னா படம் தெரியுமா?"

"தெரியாது. கத்துவேன்."

"அதே மாதிரிதான். நிறம் தர்ற மரபணுவுக்கு நடுவுல இது வந்து உட்கார்ந்துக்கும். மணி வெளுத்துடும். மணி வளரும்போது அங்கங்க இது எழுந்து வேற பக்கம் போயிடும். அங்க மட்டும் ஊதா திரும்ப வந்துடும்."

"அப்ப அது கெட்டதா?"

"சேச்சே! உட்கார்ந்த இடம்தான் தொந்தரவு."

போன வாரம் பேசிய பேச்சு இது. இன்று வகுப்பில் டீச்சர் பட்டாணியின் நோட்டைத் தூக்கிக் காட்டியதும் அவளுக்கு அது நினைவு வந்தது.

"என்னம்மா, நோட்டை எலி கடிச்சுதா? இங்க நாலு வார்த்தை, அங்க ரெண்டு வார்த்தை, மத்ததெல்லாம் காலி! நாளைக்குப் பரீட்சைக்கு எதைப் படிப்ப?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

பட்டாணிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவளுடைய தோழி. வகுப்பிலேயே உயரமானவள். அவள் எழுதக் குனிந்தால் கரும்பலகை தெரியும், நிமிர்ந்தால் மறைந்துவிடும். "கொக்கு" என்று யாராவது கூப்பிட்டாலே அவள் கண் கலங்கிவிடும். அதனால்தான் பள்ளி திறந்த நாளிலிருந்து பட்டாணி இதை யாரிடமும் சொல்லவில்லை.

தோழி திரும்பி அந்த நோட்டைப் பார்த்தாள்.

"என்னாலயாடி?" என்றாள் மெதுவாக. தோளைக் குறுக்கி, தலையை மேசையோடு மேசையாகத் தாழ்த்திக்கொண்டாள்.

பட்டாணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தோழியின் முதுகில் லேசாகத் தட்டினாள்.

"நிமிர்ந்து உட்காருடி. கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

பிறகு எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் பட்டாணி சைஸ்ல இருக்கேன்ல, பின்னால இருந்தா எனக்கு போர்டு தெரியல. நாங்க ரெண்டு பேரும் இடம் மாத்திக்கட்டுமா?"